ஈஞ்சம்பாக்கமும் தாம்பரமும்: கட்டைவிரல் சிக்கலை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

1. முன்னுரை

வ.வே.சு. ஐயர் கம்பனை ஹோமரோடும் மில்டனோடும் நிறுத்திப் பார்த்தார். பட்டிமன்ற மேடைகள் கண்ணகியையும் மாதவியையும் இன்னும் எடை போட்டுக்கொண்டிருக்கின்றன. ஒப்பிட்டே வளர்ந்த இத்தமிழ்ச் சூழலில், 1997 மே மாதம் குரோம்பேட்டையில் ஒரு கூட்டுக் குடும்பத்தை நடுவில் பிளந்த கேள்வி மட்டும் முறையான ஆய்வுக்கு வராமலே கிடக்கிறது. கேள்வி இதுதான்: 'லீவுக்கு வி.ஜி.பி.யா, கிஷ்கிந்தாவா?'

இப்பொருள் பற்றி இதுவரை வெளிவந்தவை அனைத்தும் வாய்மொழிக் கருத்துகள். அவையும் கல்யாண வீடுகளில், முதல் பந்தி எழுந்து இரண்டாம் பந்திக்கு இலை போடும் இடைவெளியில் வெளியிடப்பட்டவை. பாயசம் வந்ததும் விவாதம் நின்றுவிடுவதால் எந்தத் தரப்பும் தன் வாதத்தை முடித்ததில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு. 'கேளிக்கைப் பூங்கா' என்பது எழுத்து வழக்கு. 'தீம் பார்க்' என்பது மக்கள் வழக்கு. தீம் என்றால் ஒரு கருப்பொருள் இருக்க வேண்டும். மே மாதத்தில் சென்னைக்கு அருகே எந்தப் பூங்காவுக்குப் போனாலும் கருப்பொருள் வெயில்தான் என்பதால், இரண்டு சொற்களும் இங்கே ஒரே பொருளில் ஆளப்படுகின்றன.

2. களமும் காலமும்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட களங்கள் இரண்டு. முதலாவது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள வி.ஜி.பி. தவணை முறையில் வீட்டுச் சாமான் விற்றுப் பெயர் பெற்ற வி.ஜி. பன்னீர்தாஸ் குழுமம் கடலை ஒட்டி அமைத்தது. வி.ஜி.பி. கோல்டன் பீச் என்றால் ஒரு தலைமுறைக்கே தெரியும். பல தமிழ்ப் படங்களில் காதலர்கள் ஓடிப் பாடியது அந்த மணலில்தான்.

இரண்டாவது, தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தா. 1995-ல் திறக்கப்பட்டது. இதை உருவாக்கியவர் நவோதயா அப்பச்சன். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' 1984-ல் அவர் தயாரித்ததே. இந்தியாவின் முதல் கேளிக்கைப் பூங்கா என்று சொல்லப்படும் டெல்லி அப்பு கர் திறந்ததும் அதே 1984-ல். காசு கொடுத்து வயிற்றைக் கலக்கிக்கொள்ளும் பழக்கம் நம் நாட்டில் ஊன்றிய ஆண்டு என்று அதைக் கொள்ளலாம். அதற்கு முன் இப்பணியைத் தீவுத்திடல் பொருட்காட்சியும் ஊர்த் திருவிழா ராட்டினமும் டெல்லி அப்பளமும் கூட்டாகச் செய்துவந்தன.

அடுத்து, காலம். ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் மூடும், ஜூனில் திறக்கும். இடையில் கத்திரி வெயில் ஏறத்தாழ 25 நாள். மழைக்காலத்தில் பூங்காவில் கூட்டமிராது. ஆனால் லீவும் இராது. பொங்கல் விடுமுறையில் வெயில் இதமாக இருக்கும். ஆனால் கையில் காசு இராது. ஆக, வெயில், கூட்டம், விலை மூன்றும் உச்சத்தில் இருக்கும் ஒரே மாதத்தை, அம்மாதத்திலும் ஞாயிற்றுக்கிழமையை, தமிழ்க் குடும்பம் தேர்ந்தெடுப்பது அறியாமையால் அன்று. வேறு வழியில்லை. எல்லோருக்கும் வேறு வழியில்லாத நாளுக்குத்தான் 'சீசன்' என்று பெயர்.

11-5-1997 ஞாயிறு அன்று கிஷ்கிந்தா, 18-5-1997 ஞாயிறு அன்று வி.ஜி.பி. என்று இரு களப்பணிகள் நடந்தன. ஒரே விடுமுறையில் இரண்டு பூங்காக்கள் என்பது எங்கள் பொருளாதாரத்தில் முன்னுதாரணம் இல்லாதது. அப்பா, சித்தப்பா இருவரில் யாரும் விட்டுக்கொடுக்காததால் நேர்ந்தது.

பங்கேற்றோர் பதினோரு பேர்: பாட்டி, அப்பா, அம்மா, நான், தம்பி, சித்தப்பா, சித்தி, அவர்களின் பிள்ளைகள் இருவர், அத்தை, அத்தை மகன். மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் ஆபீஸ் என்று அத்தை சொன்னதை அன்றும் யாரும் நம்பவில்லை.

3. மூலச் சான்றுகள்

சான்று அ: ஆல்பம். ஹாட்ஷாட் கேமராவில் ஒரே ஒரு 36 படச் சுருள். அதை அப்பா ரேஷன் முறையில் பகிர்ந்தளித்தார். முதல் ஞாயிற்றுக்குப் 18, இரண்டாம் ஞாயிற்றுக்குப் 18. ஆகவே 19 முதல் 36 வரையுள்ள படங்கள் ஈஞ்சம்பாக்கத்தைச் சேர்ந்தவை என்று ஐயமின்றிக் கூறலாம். தமிழ் இலக்கியக் காலவரிசையில் இத்தனை உறுதி எங்கும் கிடைப்பதில்லை.

சான்று ஆ: எல்.ஐ.சி. டைரி. அப்பாவின் செலவுக் கணக்கு. 'ஆட்டோ 40 (அநியாயம்)' என்பது போன்ற குறிப்புரைகளும் அடங்கியது. நுழைவுச்சீட்டுக்கு எதிரே தொகை எழுதப்படாமல் ஒரு நீண்ட கோடு மட்டும் இழுக்கப்பட்டுள்ளது. இது பெருமூச்சைக் குறிக்கும் என்பர். 18-ஆம் தேதிக்குரிய பதிவு இவ்வாறு செல்கிறது: பிளாஸ்திரி, பஸ், தர்பூசணி, முறுக்கு, பஸ். முதல் சொல்லுக்குப் பொருள் விளங்கவில்லை. அன்று யாருக்கும் அடிபட்டதாக எந்தச் சாட்சியும் கூறவில்லை.

சான்று இ: வாய்மொழி. மிகுதியாகக் கிடைக்கிறது, அதுவே அதன் குறை. எந்த ராட்டினத்தில் எந்தப் பூங்காவில் ஏறினோம் என்பதில் சாட்சிகள் முற்றிலும் முரண்படுகின்றனர். கொலம்பஸ் கப்பல் கிஷ்கிந்தாவில் என்று சித்தி சாதிக்கிறார்; வி.ஜி.பி.யில் என்று அத்தை சத்தியம் செய்கிறார். இருவரும் அதே கப்பலில் அடுத்தடுத்து உட்கார்ந்து, ஒருவர் கையை ஒருவர் நகம் பதியப் பிடித்திருந்தவர்கள். டோரா டோராவுக்கும் டாஷிங் காருக்கும் இதே பாடபேதம் உண்டு. ஆதலால் இக்கட்டுரையில் ராட்டினங்கள் பூங்காப் பெயரின்றியே சுட்டப்படும்.

இனி, கட்டுரையின் தலைப்பில் குறித்த சிக்கல். ஆல்பத்தின் 22-ஆம் படத்தில், வலது கீழ் மூலையில், எட்டில் ஒரு பங்கை மறைத்தபடி மங்கலான செந்நிறப் பொருள் ஒன்று தென்படுகிறது. அதன் குறுக்கே வெளிறிய பட்டை ஒன்று ஓடுகிறது. பொருள் கட்டைவிரல் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடில்லை. யாருடைய கட்டைவிரல் என்பதே கேள்வி. ஏனெனில் எஞ்சிய 35 படங்களிலும் அப்பா இல்லை, எடுத்தவர் அவர். இந்த ஒரு படத்தில் மட்டும் அப்பா இருக்கிறார். முதல் வரிசையில், தொப்பையை உள்ளிழுத்து.

4. முன்னோர் கருத்தும் அவர்தம் சாய்வும்

இத்துறையில் இரு பள்ளிகள் உண்டு. தாம்பரப் பள்ளியின் தலைவர் அப்பா. ஈஞ்சம்பாக்கப் பள்ளியின் தலைவர் சித்தப்பா.

அப்பாவின் முதன்மை வாதம் தூரம். குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் சானடோரியம் தாண்டித் தாம்பரம். அப்போது இன்னும் மீட்டர் கேஜ்தான், ஆடிக்கொண்டே போகும். "போற வழியிலேயே பாதி ராட்டினம் ஆடியாச்சு, அதுவும் அரை டிக்கெட்ல" என்பது அவர் வாக்கு. ஆனால் தாம்பரத்தில் இறங்கிய பிறகு உள்ள தூரத்தை அவர் வாதத்தில் சேர்க்கவில்லை. டைரியில் உள்ள 'அநியாயம்' அந்தத் தூரத்தில் நிகழ்ந்தது.

சித்தப்பாவின் வாதம் கடல். பல்லவன் பஸ்ஸில் திருவான்மியூர் போய் இன்னொரு பஸ் மாற வேண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை. "இறங்குனா காத்து வரும்ணே. உங்க இடத்துல காத்து எங்க வருது?" என்பார். முற்பகல் பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று கரை ஏறும். கரையிலிருந்து தள்ளியுள்ள தாம்பரத்துக்கு அது தாமதமாகவே போய்ச் சேரும். நிலம் விரைவாகச் சூடேறி அதன் மேலுள்ள காற்று எழும்ப, அவ்விடத்தை நிரப்பக் கடல்மேல் உள்ள குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. சித்தப்பாவுக்கு இந்த இயற்பியல் தெரியாது. ஆனால் முடிவு சரி.

இரு பள்ளிகளிலும் ஆய்வாளர் சாய்வு உண்டு என்பதை நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். சித்தப்பா கல்யாணமான புதிதில் கிரைண்டர் வாங்கியது வி.ஜி.பி.யில், தவணையில். கடைசித் தவணை கட்டிய ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அந்நிறுவனம் குறித்து அவரிடம் நடுநிலை எதிர்பார்க்க இயலாது. அப்பாவோ 'மை டியர் குட்டிச்சாத்தான்' பார்க்கப் போனவர். திரையிலிருந்து முகத்துக்கு நேரே வந்த ஒன்றைப் பிடிக்கக் கையை நீட்டி, முன் இருக்கைக்காரரின் தலைமுடியைப் பிடித்தவர். அப்படியொரு அனுபவத்தைத் தந்த தயாரிப்பாளர் கட்டிய பூங்கா என்பதே அவருக்குப் போதுமானதாயிருந்தது.

கிஷ்கிந்தை என்ற பெயரைப் பற்றியும் கூற வேண்டும். இராமாயணத்தில் அது வாலியும் சுக்கிரீவனும் அடித்துக்கொண்ட ஊர். அண்ணன் தம்பி சண்டைக்கென்றே இதிகாசத்தில் குறித்து வைத்த இடத்துக்கு ஓர் அண்ணனும் தம்பியும் குடும்ப சமேதராகப் போவது சரியா என்று பாட்டி அப்போதே கேட்டாராம். 'அம்மா, அது சும்மா பேரு' என்று இரு பள்ளிகளும் ஒரே குரலில் பதில் சொல்லின. இருவரும் உடன்பட்ட ஒரே இடம் இது.

5. வரிசையியல்

கேளிக்கைப் பூங்கா என்பது பணத்தைக் கொடுத்து வரிசையைப் பெற்றுக்கொள்ளும் நிலையம். சித்தப்பா மகள் புதிதாக வாங்கிய டிஜிட்டல் வாட்ச்சில் ஸ்டாப்வாட்ச் இருந்ததால், இரண்டு ஞாயிறுகளையும் கூட்டி ஓர் அளவு கிடைக்கிறது. உள்ளே இருந்தது பதினாறு மணி நேரம்; ராட்டினங்களின் மேல் இருந்தது நாற்பத்தொரு நிமிடம். இதற்குப் பூங்காக்கள் பொறுப்பல்ல. மே மாத ஞாயிற்றில் பதினோரு பேராக வந்து, எல்லோரும் ஒரே ராட்டினத்தில் ஒரே சுற்றில் ஏற வேண்டும் என்று அடம்பிடித்த எங்களைப் போன்றோரே பொறுப்பு.

காத்திருத்தலைக் கணக்காக்கிய முன்னோடி டென்மார்க்கின் அக்னர் கிராருப் எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்தில் எத்தனை இணைப்புகள் இருந்தால் அழைப்போர் காத்திருக்க மாட்டார்கள் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்தார். அடுத்து ஜான் லிட்டில். வரிசையில் நிற்போர் தொகை என்பது, நிமிடத்துக்கு வந்து சேர்வோர் தொகையைக் காத்திருக்கும் நிமிடங்களால் பெருக்கியது என்று 1961-ல் நிறுவினார். கேட்டால் இதற்கா ஒரு விதி என்று தோன்றும். புளியோதரைக்குப் புளி வேண்டும் என்பதும் அப்படித்தான் தோன்றும். அளவு தெரியாமல் போட்டவர்களுக்கே அருமை தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு. நாற்பது பேர் உட்காரும் கப்பல், ஏற்றி ஆட்டி இறக்க ஐந்து நிமிடம் என்று கொள்வோம். நிமிடத்துக்கு எட்டுப் பேர். முன்னே 240 பேர் நின்றால் முப்பது நிமிடம். இதுவே லிட்டில் கணக்கு.

ஆனால் லிட்டில் அமெரிக்கர். ஒருவர் நின்றால் ஒருவர் என்று எண்ணும் நாகரிகத்தைச் சேர்ந்தவர். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிக்கும் மரபை அவர் அறியார். பூங்கா வரிசையில் எங்கள் துண்டு சித்தப்பா. அவர் தனியாக வெயிலில் நிற்பார். கதவு நெருங்கியதும் கையைத் தூக்குவார். மரத்தடியிலிருந்து மற்றவர்கள் ஓடி வந்து, "எங்க ஆளு நிக்கிறாருங்க" என்று சொல்லிக் கம்பிக்கடியில் புகுவார்கள். ஆக, கண்ணுக்குத் தெரியும் சித்தப்பா ஒருவர். கணக்குக்குரிய சித்தப்பா பத்துப் பேர். பதினோரு பேரில் ஒருவர் ராட்டினம் ஏறுவதில்லை என்பதால் பத்து. அந்த ஒருவர் இக்கணக்குக்குத் தேவையில்லை.

முன்னே நிற்கும் 240 பேரில் 24 பேர் சித்தப்பாக்கள் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொருவருக்குள்ளும் ஒளிந்திருக்கும் ஒன்பது பேர் சேர்ந்து 216. மொத்தம் 456 பேர்; காத்திருப்பு 57 நிமிடம். அரை மணியில் ஏறலாம் என்று நின்றவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றது ஏன் என்பதற்கு விடை இதுவே. இதனை 'சித்தப்பாத் திருத்தம்' என்று பெயரிட இக்கட்டுரை முன்மொழிகிறது. பிறர் வீட்டுச் சித்தப்பாக்கள் இதைச் செய்யும்போது மட்டும் என் சித்தப்பா, "என்ன சார், நாங்கெல்லாம் மனுசங்க இல்லியா?" என்று கேட்டது ஆய்வு நேர்மை கருதிப் பதிவு செய்யப்படுகிறது.

டேவிட் மைஸ்டர் 1985-ல் காத்திருப்பின் உளவியல் பற்றி எழுதினார். கைக்கு வேலை இருந்தால் காத்திருப்பு குறுகித் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால் நீண்டு தெரியும் என்பது அவர் முடிவுகளில் சில. எங்கள் களத்தில் இது முழுமையாக மெய்ப்பட்டது. முதல் வரிசையில் சித்தி, அத்தையின் நாத்தனார் பற்றிய ஒரு வரலாற்றைத் தொடங்கினார். வரிசை நகர்ந்து கப்பலுக்கு அருகில் வந்தபோது, நாத்தனார் அப்போதுதான் நகையை அடகு வைத்திருந்தார். "இருங்க, அடுத்த ரவுண்டுல ஏறிக்கலாம்" என்று அத்தை சொன்னதை நானே கேட்டேன்.

6. உயரம், வயது, பிற ஐயங்கள்

பிள்ளைகள் தொடர்பாகத் தமிழ்க் குடும்பம் ஓர் உயர்தரத் தத்துவச் சிக்கலை எதிர்கொள்கிறது. டிக்கெட் எடுக்கும் இடத்தில் பிள்ளை சின்னதாக இருக்க வேண்டும். ராட்டினம் ஏறும் இடத்தில் அதே பிள்ளை பெரிதாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் நூறடி.

ரயிலில் ஐந்து முதல் பன்னிரண்டு வயது நிறையாதவர் வரை அரை டிக்கெட் என்ற விதியின் காரணமாக, என் தம்பி 1994 முதல் 1997 வரை தொடர்ந்து பதினோரு வயதாகவே இருந்தான். உயிரியலில் இது அரிது. இன்று பல பூங்காக்கள் வயதைக் கேட்பதில்லை. சுவரில் கோடு போட்டு உயரத்தை அளக்கின்றன. வயதுக்குப் பொய் சொல்லலாம். கோட்டுக்குச் சொல்ல முடியாது. முழங்காலை லேசாக மடக்குவதே மீதமுள்ள வழி. ஆனால் மடக்கிச் சேமித்த பிள்ளை, அடுத்த கோட்டுக்கு முன் குதிகாலை உயர்த்தி நிற்கும். சிறு வயதிலேயே இரட்டைக் கணக்கு எழுதும் பயிற்சி இது.

7. நீர், நிலம், வயிறு

கிஷ்கிந்தாவின் பெருமை அலைக்குளம். கடலே இல்லாத இடத்தில் அலை. அறைகளில் காற்றை அழுத்தியோ தண்ணீரைத் தள்ளியோ செயற்கை அலையை எழுப்புவார்கள். குளத்தின் தரை கரைநோக்கிச் சரிந்து ஆழம் குறைவதால் அலை நெருங்க நெருங்க உயர்ந்து உடையும். கடற்கரையிலும் இதே விதிதான். அப்பா இதை மனிதனின் வெற்றி என்றார். "நெஜக் கடலு பஸ் டிக்கெட்ல கிடைக்குதே, அதுக்கு எதுக்குண்ணே காப்பி?" என்றார் சித்தப்பா.

இவ்விடத்தில் இக்கட்டுரை தாம்பரப் பள்ளியின் பக்கம் சாய்கிறது. வங்காள விரிகுடா பார்ப்பதற்குரியது. அதில் அடியிழுப்பு உண்டு, ஆளை உள்ளே கொண்டுபோகும், சொல்லிவிட்டு வராது. குளத்து அலை முறை வைத்து வரும், முறை முடிந்ததும் நிற்கும். கடலைக் கண்டாலே பயப்படும் அம்மா, வாழ்க்கையில் முதன்முதலாக இடுப்பளவு அலையில் புடவையோடு நின்றது இங்கேதான். படம் 9. அதில் அம்மாவின் முகம், பின்னர் எந்தக் கல்யாணப் படத்திலும் காணப்படாத முகம்.

நீரை விட்டு நிலத்துக்கு வருவோம். ராட்சத ராட்டினம் 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்காக ஜார்ஜ் ஃபெரிஸ் கட்டியது. 264 அடி, 36 பெட்டிகள், பெட்டிக்கு அறுபது பேர், ஆக ஒரே நேரத்தில் 2,160 பேர். எங்கள் தெரு மொத்தமும் ஒரே சுற்றில் ஏறியிருக்கலாம். சித்தப்பா நிற்கத் தேவையிருந்திராது.

கொலம்பஸ் கப்பல் ஓர் ஊசல். நடுவில் இறங்கும்போது உடல் எடை கூடியதுபோல் இருக்கையில் அழுந்தும். இரு நுனியிலும் எடை இழந்ததுபோல் எழும்பும். உடல் இருக்கையோடு கட்டுண்டிருக்க, வயிற்றுக்குள் உள்ளவை மட்டும் சற்றுத் தாமதமாக வருவதே 'பகீர்' எனப்படுவது. புளியோதரை, தயிர்சாதம், மாவடு, வாழைக்காய் வறுவல் என்ற வரிசையில் உண்டுவிட்டுக் கால் மணிக்குள் ஏறிய அத்தை, அவ்வரிசையை அப்படியே திருப்பிச் சொன்னார். எந்தப் பூங்கா என்பது அத்தையின் வேண்டுகோளுக்கு இணங்க இங்கே குறிக்கப்படவில்லை.

சாப்பாடு இரண்டு ஞாயிறும் ஒன்றே. ஒரே சமையல், ஒரே எவர்சில்வர் தூக்குகள். எனவே ஒப்பிடுவதற்கு ஏதுமில்லை.

8. அசையாத மனிதர்

ஈஞ்சம்பாக்கத்தின் தனிச்சிறப்பு எந்த எந்திரமும் அன்று, ஒரு மனிதர். தலைப்பாகையும் மீசையுமாகக் காவலர் கோலத்தில், இமைக்கவும் மறந்தவர்போல் நிற்கும் சிலை மனிதர். அவரைச் சிரிக்க வைக்கவோ அசைக்கவோ வரும் கூட்டம் பாடும், அழும், கடன் கேட்கும், அவர் வீட்டில் தீப்பிடித்துவிட்டதாகக்கூடச் சொல்லும். அவர் நிற்பார்.

பூங்கா முழுவதும் அசைவதற்குக் காசு வாங்கும் இடம். அதில் அசையாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கும் ஒருவர். வரிசையியல் நோக்கில் பார்த்தால் அவர் எங்களிடமிருந்து வேறானவர் அல்லர். அவரும் வெயிலில் நின்றார், நாங்களும் நின்றோம். காசு போன திசைதான் வேறு.

தம்பி நாக்கைத் துருத்தினான். அத்தை மகன் ரஜினி மாதிரி நடந்து காட்டினான். சித்தப்பா தன் கிரைண்டர் பற்றிச் சொன்னார். எதற்கும் பயனில்லை. கடைசியில் எல்லோரும் அவரைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அதுவே படம் 22.

9. கட்டைவிரல் சிக்கலும் தீர்வும்

இப்படத்தை எடுத்தவர் யார் என்பது பற்றி மூன்று கருதுகோள்கள் உள்ளன. வழியில் போன ஒருவரிடம் கேமராவைக் கொடுத்தோம் என்பது சித்தப்பா. ஆனால் இருபத்தொரு படம் வரை பெற்ற மகனிடம்கூட கேமராவைத் தராத அப்பா, முன்பின் தெரியாதவரிடம் தந்திருப்பாரா? தானாகவே எடுக்கும் பொத்தான் அழுத்தினோம் என்பது அத்தை. அந்தக் கேமராவில் அப்படியொரு பொத்தான் இல்லை. 'பிரிண்ட் போட்ட இடத்தில் வந்த கறை' என்பது அப்பா. கறைக்கு நகம் இராது.

தீர்வு எளிது, எண்ணிப் பார்த்தால் போதும். படத்தில் சிலை மனிதரைத் தவிர்த்து நிற்போர் பத்துப் பேர். டைரிப்படி அன்று வந்தோர் பதினொருவர். இத்தனை காலமும் படத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று விரல்விட்டு எண்ணியவர்கள் பத்தோடு நிறுத்திக்கொண்டனர். யாரும் குறைவதாகத் தோன்றவில்லை.

அந்த வெளிறிய பட்டை எதுவென்று அறிய அம்மாவுக்குத் தொலைபேசினேன். இரு பள்ளிகளும் இதுவரை சாட்சியாக அழைக்காதவர் அவர்.

"அது பாட்டிதாண்டா. முதநா ராத்திரி வாழைக்காய் சீவறப்போ அரிவாள்மனைல பெருவிரல வெட்டிக்கிட்டாங்க. பதினோரு பேருக்கு வறுவல்னா சும்மாவா. காலைல உங்கப்பா பிளாஸ்திரி வாங்கிப் போட்டாரு."

பிளாஸ்திரிக்குப் பொருள் விளங்கிற்று. விரல் மறைத்தது பாட்டிக்கு ஏன் தெரியவில்லை என்பதற்கும் விடையுண்டு. அவ்வகைக் கேமராவில் கண் வைக்கும் துளை வேறு, படம் பிடிக்கும் கண்ணாடி வேறு. கண்ணாடியை விரல் மூடினாலும் துளை வழியே எல்லாம் தெளிவாகவே தெரியும்.

36 படங்களிலும் பாட்டியைத் தேடினேன், எதிலும் இல்லை. முதல் ஞாயிறு மரத்தடியில், இரண்டாம் ஞாயிறு மணல் ஓரத்துக் கொட்டகையில், பைகளையும் தூக்குகளையும் பதினோரு ஜோடிச் செருப்புகளையும் காத்தபடி பாட்டி உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் கேமரா திரும்பவில்லை. இக்கட்டுரையின் ஐந்தாம் பகுதியில் 'கணக்குக்குத் தேவையில்லை' என்று எழுதியதும் நான்தான்.

"எது நல்லா இருந்துச்சுன்னு பாட்டி ஏதாவது சொன்னாங்களாம்மா?"

"யாரு கேட்டா? ராத்திரி தூக்கு கழுவறப்போ அவங்களா சொன்னாங்க. 'அங்க நிழலு நல்லா இருந்துச்சு, இங்க காத்து நல்லா இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணா வேணும்னா மன்னார்குடி வீட்டுத் திண்ணையிலேயே உக்காந்திருக்கலாம்'னாங்க."

"அவ்வளவுதானா?"

"போட்டோ எடுத்தது பிடிச்சிருந்துச்சு போல. அந்த ஓட்டை வழியா பாத்தா எல்லாரும் சின்னச் சின்னதா, ஒரே இடத்துல நின்னாங்கன்னு சொன்னாங்க."

10. முடிவுரை

இரு பூங்காக்களுக்கும் இடையிலான ஒப்பீட்டில் நிழலுக்குத் தாம்பரமும் காற்றுக்கு ஈஞ்சம்பாக்கமும் முதலிடம் பெறுகின்றன. இரண்டையும் ராட்டினத்தில் ஏறாமல், ஏறத்தாழ முழு நேரமும் ஒரே இடத்தில் இருந்து கவனித்த ஒரே ஆய்வாளரின் முடிவு என்பதால் இதுவே ஏற்கத்தக்கது. இரு பள்ளிகளுக்கும் இக்கட்டுரையின் படி அனுப்பப்படும்.

படம் 22 பற்றி மேலும் ஒன்று. விரலை விட்டுப் பார்த்தாலும் படம் முழுவதும் சற்றே கலங்கியிருக்கிறது. எதிரே பதினோரு பேரும் மூச்சைப் பிடித்து நிற்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு அதுவே தொழில். அன்று அவர் முன்னால் அசைந்தது கேமராவைப் பிடித்திருந்த கை மட்டுமே. வெட்டுக்காயத்தின் வலியால் இருக்கலாம். பாட்டி சிரித்ததாலும் இருக்கலாம். பின்னதற்குச் சான்று இல்லை.